வாசல் கொள்ளாத டைனோசர்

"தலைய சாச்சுப் புடிடா மாமே! வாலு செவுத்துல இடிக்குது பாரு!"

"வால இந்தாண்ட இட்டாந்தா தலை இடிக்குது அண்ணாத்தே. இன்னா ஜென்மம்பா இது!"

டைனோசரை வெளியே எடுத்தால்தான் செபாஸ்டியனை உள்ளே படுக்கவைக்க முடியும் என்பது கஜபதியின் தீர்மானம். தெருமுனையில் டெம்போ வைத்திருப்பவன். எந்தப் பொருள் எந்த வாசலில் நுழையும் என்பதைப் பார்வையாலேயே சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்கிறவன். அந்தப் பெருமைக்கு அன்று காலையில் சோதனை வந்தது. ஆஸ்பத்திரி வேன் வாசலில் நின்றது. செபாஸ்டியனின் உடம்பு வேனுக்குள் காத்திருந்தது. ஹாலுக்குள் நான்கு பேர் காலுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, டைனோசரை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அது வாயைத் திறந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

செபாஸ்டியனின் மனைவி செலின் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அழுததில் குரல் கட்டியிருந்தது.

"அது வராது கஜபதி. விட்டுடு."

"வராதுன்னா, உள்ள மட்டும் எப்டிக்கா வந்துச்சு?"

"உள்ள வரல. உள்ளயே செஞ்சது."

நான்கு பேரும் காலை விட்டார்கள்.

செபாஸ்டியனோடு டாங்க் பேக்டரியில் வெல்டிங் பார்த்த சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கம்பி வளைத்து, கோழிவலை சுற்றி, சிமெண்டு பூசி அந்த ஹாலுக்குள்ளேயே கட்டி எழுப்பிய மிருகம் அது. டாங்கிக்கு உதிரிப்பாகம் செய்து பழகிய கைகள். அளவில் ஒரு நூல் பிசகாதவர்கள். ஆனால் பச்சை பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் அவர்களில் ஒருவருக்கு வாசலை அளந்துபார்க்கத் தோன்றியது. அந்த ஹாலை அருங்காட்சியகமாகத் திறந்துவைக்க வந்த தலைவர், "இந்த டைனோசர் இவ்விடத்தை விட்டு ஒருநாளும் அகலாது" என்று முழங்கினார். அவர் மேடையில் சொன்னவற்றில் அன்றுவரை உண்மையாகியிருந்தது அது ஒன்றுதான்.

கடைசியில், கண்ணாடி அலமாரி இரண்டை மூலைக்குத் தள்ளி, டைனோசருக்கு முன்னால் பெஞ்சு போட்டு, அதன்மேல் செபாஸ்டியனைக் கிடத்தினார்கள். அவர் முகத்துக்கு நேர்மேலே அந்த வாய். கழுவிய முகம், வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஜெபமாலை. மேலே சிமெண்டுப் பற்கள். ஜெபம் சொல்ல வந்த ஃபாதர் ஆரோக்கியம் சிலுவை அடையாளம் போடக் கையை உயர்த்திவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

"இதக் கொஞ்சம் துணி போட்டு மூட முடியாதாம்மா?"

பக்கத்து வீட்டுப் பத்மா ஓடிப்போய்ப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து தலையில் போட்டாள். போட்டதும் அது முக்காடு போட்டுக்கொண்டு துக்கத்துக்கு வந்த பெரிய உறவுக்காரி மாதிரி ஆகிவிட்டது. ஃபாதர் அதன் பக்கம் பார்க்காமல் ஜெபத்தை முடித்தார்.

செபாஸ்டியன் டாங்க் பேக்டரி வார்ப்படப் பிரிவில் இருந்து எண்பத்து நாலில் ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, வந்த பணத்தில் திருமுல்லைவாயிலில் இந்த வீட்டைக் கட்டினார். கிழக்குப் பார்த்த ஹால். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, போகிற வருகிற ஜனங்களைப் பார்த்தபடி கீரை ஆயலாம் என்று செலின் நினைத்திருந்தாள். குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பிளாக்கின் கக்கூஸ் சுவர்தான் தெரியும். அதனால் அது அவளுக்குக் கொஞ்சம் பெரிய ஆசை.

ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்த தீர்த்தம் காய்வதற்குள் முதல் கண்ணாடி அலமாரி வந்து இறங்கியது. ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் நின்றது. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் களிமண் எடுக்கிற பள்ளங்களில் இலை பதிந்த கல் கிடைக்கும். ஒரு தடவை பஸ் பழுதாகி நின்றபோது சும்மா இறங்கி நடந்த செபாஸ்டியன், காலில் தட்டிய கட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே ஓர் இலை. பெரணி மாதிரி, நரம்பு நரம்பாக. மனுஷ ஜாதி பிறக்கும் முன்னால் உதிர்ந்த இலை என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்த்ததில்லை. அதனால்தான் முதல் அலமாரிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதுக்குச் சொல்லியிருக்கலாம்.

பிறகு பெயர்ப்பலகை வந்தது: 'ஆவடி – அம்பத்தூர் வட்டார இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்'. பலகை வீட்டை விட அகலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், ஒவ்வொரு பொருளின் லேபிளையும் வாசித்துக்கொண்டு, இடமிருந்து வலமாகச் சுற்றிவர வேண்டும். அது செபாஸ்டியனின் சட்டம். சுற்றி முடித்தவர்களுக்கு டீயும் பொறை ரொட்டியும் செலினின் பொறுப்பு. ஹாலைக் கடந்து வாசலுக்குப் போக அவளே அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை 'தோண்டும் முகாம்'. பஸ் வைத்துப் பிள்ளைகளைக் களிமண் பள்ளத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு கரண்டி கொடுத்துத் தோண்டச் சொல்வார். முதல் வருஷம் நாளெல்லாம் தோண்டியும் மண்புழுதான் கிடைத்தது. பிள்ளைகள் அழுதன, ஆசிரியைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து செபாஸ்டியன் முந்தின நாளே அலமாரியிலிருந்து இலைக் கற்களை எடுத்துப்போய்ப் புதைத்துவைக்க ஆரம்பித்தார். அவருக்கு முட்டிவலி, குனிய முடியாது. ஆகையால் பள்ளம் பறித்துப் புதைக்கிறவள் செலின். "கொஞ்சம் ஆழமா வைம்மா, ஆண்டவன் வச்ச மாதிரி இருக்கணும்" என்று அவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு வருஷம் அவசரத்தில் கல்லின் முதுகில் வெள்ளை பெயிண்டில் எழுதிய எண்ணை அழிக்க மறந்துபோனார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தோண்டி எடுத்த கல்லில் '47' என்று பளிச்சென்று இருந்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த அறிவியல் பேரவைத் தலைவர் அதை வாங்கி வெயிலில் உயர்த்திப் பிடித்தார். "நாற்பத்தேழு! நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு! இயற்கை அன்னை அன்றே எழுதி வைத்துவிட்டாள்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தத் தலைவர்தான் பக்தவத்சலம். முகப்பேரில் மெட்ரிகுலேஷன் பள்ளி நடத்துகிறவர். வட்டார அறிவியல் பேரவைக்குத் தலைவரும் பொருளாளரும் அவரே. செபாஸ்டியன் செயலாளர். 'கல்விக் காவலர்' என்ற பட்டத்தை ஒரு பொங்கல் விழாவில் பக்தவத்சலத்துக்கு அவருடைய பள்ளியே கொடுத்தது.

"கடைசியா இன்னாக்கா சொன்னாரு?" என்று பத்மா காதோரம் கேட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்விதான்.

"ஒண்ணும் சொல்லல."

சொல்லத்தான் செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, "ஹால் லைட்ட அணைச்சியா?" என்றார். "அணைச்சேன்" என்றாள். சரி என்பதுபோல் கண்ணை மூடினார். அவ்வளவுதான். நாற்பது வருஷ சம்சாரத்தின் கடைசிப் பேச்சு இதுதான் என்று வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? எல்லோரும் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

இன்னொன்றும் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் வேனில், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வருகையில், அழுது ஓய்ந்த ஒரு நிமிஷத்தில், அவள் மனசில் தானாக ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. 'ஹால்.' துரத்தினாள். போகவில்லை. கல்லை எல்லாம் எங்கேயாவது அனுப்பிவிட்டு, அந்த ஜன்னலைத் திறக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பத்து மணி சுமாருக்குப் பள்ளி பஸ் வந்து நின்றது. முதலில் மலர் வளையம் இறங்கியது. அதன் பின்னால் பக்தவத்சலம். அவர் பின்னால் கறுப்புப் பட்டை குத்திய பிள்ளைகள் வரிசை. 'புதைபடிவப் பேரறிஞர் மறைந்தார்' என்று எழுதிய துணிப் பேனரை இரண்டு ஆசிரியர்கள் பிடித்து வந்தார்கள்.

பிள்ளைகள் ஹாலுக்குள் நுழைந்ததும், யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. பெஞ்சைத் தொடாமல், இடமிருந்து வலமாக மெதுவாகச் சுற்றின. கடைசியாக வந்த குண்டுப் பெண் ஒருத்தி செபாஸ்டியனின் தலைமாட்டில் நின்று குனிந்து தேடினாள்.

"மிஸ், லேபிள் காணோம்."

செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "பாவம், தாங்க முடியல" என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பத்மா மட்டும் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள்.

பக்தவத்சலம் செலினின் மகன் சத்தியராஜின் தோளில் கை போட்டு மூலைக்கு ஒதுக்கினார். பெங்களூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தவன். அப்பாவின் பெயரைப் பேனரில் பார்த்ததிலிருந்து அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. பேசி முடித்து அம்மாவிடம் வந்தான்.

"அம்மா, சார் பெரிய மனசோட சொல்றாரு. இந்த ஹாலு அப்படியே நினைவு அருங்காட்சியகமா இருக்கணுமாம். அப்பா பேர்ல. வாராவாரம் அவங்க ஸ்கூல் பஸ் வரும். வாசல்ல ஒரு மார்பளவு சிலை கூட வைப்பாராம்."

"எங்க, இங்கயா?"

"வேற எங்க? அப்பா வாழ்ந்த இடமாச்சே."

"நான் எங்கடா வாழறது?"

"பின்னால ரூம் இருக்குல்லம்மா. இத்தன வருஷம் இருந்துட்ட... பெட்டிய மூடறதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் அறிவிக்கப்போறாராம். நானும் சரின்னுட்டேன். நீயும் ஒரு வார்த்த சரின்னு சொன்னா போதும்."

செலின் மகனைப் பார்த்தாள். அப்பாவின் அதே நெற்றி, அதே காது. யாராவது கைதட்டினால் தலையாட்டிவிடுகிற அதே கழுத்து. அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர். சாவு வீட்டில், நூறு பேர் நடுவில், பெட்டிக்கு எதிரில் அறிவித்துவிட்டால், அதற்குமேல் மாட்டேன் என்று சொல்லுகிற மனைவி எந்த ஊரிலும் இல்லை. பக்தவத்சலத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பள்ளி விளம்பரத் தாளில் 'சொந்த அருங்காட்சியகம் உண்டு' என்று போட்டுக்கொள்ள அவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இடம் அவளுடையது, டீ அவளுடையது, தூசி தட்டுவதும் அவள். பெயர் செபாஸ்டியனுக்கு, பெருமை அவருக்கு.

மூன்று மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும். இரண்டரைக்கே இரங்கல் கூட்டம் தொடங்கியது. பேரவை உறுப்பினர்கள் பேசினார்கள். பேக்டரி நண்பர் ஒருவர் பேச வந்து, அழுதுவிட்டு, உட்கார்ந்தார். அவர் பேச்சுதான் நன்றாக இருந்தது. பிறகு பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார்.

"கல்லுக்குள்ளே காலத்தைக் கண்ட கோமானே! கோடானுகோடி ஆண்டுகளை ஒரு கூடத்துக்குள் குடியேற்றிய கொற்றவனே! நீ மறைந்தாயா? இல்லை! புதைந்தாய்! புதைந்தவை யாவும் ஒருநாள் தோண்டி எடுக்கப்படும்!"

"அய்யோ, தோண்டியாமே" என்று கூட்டத்தில் ஒரு கிழவி நெஞ்சில் கைவைத்தாள்.

"உன் ஆவி விரும்புவது யாது? இந்தச் செல்வங்கள் சிதறக் கூடாது என்பதே! பிள்ளைகள் வந்து பயில வேண்டும் என்பதே! அதற்குரிய அறிவிப்பை, அந்தக் குணவதியின் திருவாயாலேயே கேட்போம். அம்மையார் ஒரு சொல் உரைப்பார்கள்."

சத்தியராஜ் அம்மாவைத் தட்டி எழுப்பினான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் அழுதால் போதும் என்பது ஏற்பாடு. செலின் எழுந்து பெஞ்சின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நெற்றியில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டாள்.

"காலைலருந்து எல்லாரும் கேட்டீங்க, அவரு கடைசியா என்ன சொன்னாருன்னு."

பத்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாரு. 'செலின், நம்ம ஹால் சின்னது. பிள்ளைங்க மூச்சு முட்டி நிக்குதுங்க. பக்தவத்சலம் சார் முகப்பேர்ல புது வீடு கட்டிருக்காரே, அந்த ஹால்தான் இதுக்கு லாயக்கு. எல்லாத்தையும் அவர் கையில ஒப்படைச்சிடு. அவரத் தவிர வேற யாரையும் நான் நம்பல'ன்னாரு. இதான் அவரு கடைசி வார்த்தை."

சாவு வீடு என்பதையும் மறந்து பிள்ளைகள் கைதட்டிவிட்டன. பெரியவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பேக்டரி நண்பர் மறுபடி அழுதார்.

பக்தவத்சலத்தின் கை பேசப்போகிற மாதிரி மேலே போய், அங்கேயே நின்றது. போன மாசம்தான் புதுமனை புகுந்திருந்தார். சலவைக்கல் பதித்த ஹால். 'இங்க ஒரு கல்யாணமே நடத்தலாம்மா' என்று செபாஸ்டியனுக்கும் செலினுக்கும் அவரே சுற்றிக்காட்டினார். செருப்பை வெளியே விட்டது போதாதென்று, காலையும் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள் அவர் மனைவி பேபி.

"அது... வந்து, அம்மையாரே... ஒரு குழு அமைத்து, அதனை முறைப்படி ஆராய்ந்து..."

"கடைசி விருப்பம் புனிதமானது" என்றார் ஃபாதர் ஆரோக்கியம். அவருக்கு நாலரைக்குக் கோயிலில் இன்னொரு பூசை இருந்தது. "சாருக்கு எப்பேர்ப்பட்ட பாக்கியம்! ஜெபிப்போமாக."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்தவத்சலமும் நின்றார். வேறு வழியில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோது செலின் அழுதாள். அது உண்மையான அழுகை; அதில் ஹால் இல்லை. குனிந்து ஒரு பிடி மண் அள்ளியபோது, பழக்கத்தில் விரல்கள் அதை உருட்டிப் பார்த்தன.

வெளியே வந்ததும் பக்தவத்சலம் அவளை வேப்பமரத்தடியில் பிடித்துக்கொண்டார். செந்தமிழைக் கல்லறைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"இன்னாமா இது? என் ஊட்டுக்குன்னு சொல்றதுக்கு முன்ன ஒரு வார்த்த எங்கிட்ட கேக்க வாணாமா? பேபி இன்னா சொல்வாளோ! கல்லுங்கோ கூட ஒரு பக்கம் கெடந்துட்டுப் போட்டும். அந்த டைனோசரு? அது வாசல்லயே வராதேமா!"

அது மட்டும்தான் அவருடைய கடைசி நம்பிக்கை என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

"கவலையே படாத சார்" என்றான் பக்கத்தில் நின்ற கஜபதி. "தல தனியா, வாலு தனியா அறுத்து இட்டாந்து உன் ஊட்டாண்ட எறக்கிடறேன். உள்ள வச்சு நம்ம பசங்களே வெல்டிங்ல பத்த வச்சிக் குடுத்துடுவானுங்கோ. உன் ஊட்டு வாசல்லயும் அப்புறம் அது வெளிய வராது. நிம்மதியா இருக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பத்மா கேட்டாள். "காலைல என்னாண்ட ஒண்ணும் சொல்லலன்ன?"

"துக்கத்துல மறந்துபோச்சு."

"நல்லா மறந்த போ."

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாளே கஜபதியின் டெம்போ வந்தது. அலமாரிகள் போயின. இலைக் கற்கள் வைக்கோலுக்குள் போயின. முதன்முதலில் உள்ளங்கையில் வைத்த அந்த ஒரு கல்லை மட்டும் செலின் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அதை யாரும் கேட்கவில்லை. டைனோசரின் வாலும் உடம்பும் அறுபட்டுப் போயின. கடைசி நடையில் தலை போயிற்று. டெம்போவில் பின்பக்கம் பார்த்தபடி, திறந்த வாயோடு, அம்பத்தூர் எஸ்டேட் வழியாக அது போனபோது, பஸ் ஸ்டாப்பில் இருந்த ஒருவர் ஏதோ சாமி புறப்பாடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கஜபதி வந்து சொன்னான்.

"பேபியம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் செலின்.

"ஒண்ணியும் சொல்லலக்கா. பால்கனிலருந்து பாத்துக்கினே இருந்தாங்க. அப்பால உள்ள போய்க் கதவ சாத்திக்கினாங்க."

செலினுக்கு ஒரு நிமிஷம் கஷ்டமாக இருந்தது. "கண்ணாடிய ஈரத்துணியில தொடைக்க வேணாம், கறை புடிக்கும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி."

கஜபதி போனதும் ஜன்னலைத் திறந்துவிட்டு ஹாலைப் பெருக்கினாள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். அலமாரி நின்ற இடங்களில் மட்டும் தரை புதுசாக, கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது. காய்ந்த பிறகு, சமையலறையிலிருந்து வாசலுக்கு வெறுமனே நடந்தாள்.

நடுவில் வந்ததும் அவள் உடம்பு தானாக ஒருக்களித்தது. வயிற்றை எக்கி, புடவையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் இரண்டு அடி வைத்தாள். ஒன்றும் இல்லாத இடத்தில்.

நின்றாள். தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு யாரோ போனார்கள். திரும்பிச் சமையலறை நிலைப்படிக்கே போனாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து நடந்தாள்.